எங்கள வித்துட்டாங்க!

எங்கள் குடும்பத்தில் யாரிடமும் எந்தக் கம்பெனியின் பங்கும் கிடையாது. நாங்கள் பங்கு என்று பேசினால், தாத்தா பிரித்து எழுதாமல் போய்ச் சேர்ந்த தென்னந்தோப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று அர்த்தம். அப்படியிருந்தும், நாட்டில் ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டால், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் அன்று ராத்திரி சாப்பிடமாட்டார்.

பெரியப்பாவுக்கு ஐச்சர் டிராக்டர். மன்னார்குடி மாமாவுக்கு என்ஃபீல்டு புல்லட். எனக்கு ஐபிஎம் திங்க்பேட். மூன்றுமே எல்லோர் வீட்டிலும் இருக்கிற சாமான் இல்லை, அதுதான் விசேஷம். பாபநாசம் பக்கம் திரும்பின இடமெல்லாம் மாஸியும் மஹிந்திராவும் ஓடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா தேடிப்போய் ஐச்சர் வாங்கினார். இந்தியாவில் தயாராகி வெளியே வந்த முதல் டிராக்டரே ஐச்சர்தான், 1959-ல், ஃபரிதாபாத்தில் என்பதை அவர் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். பெண் அவருக்கில்லை, அண்ணன் மகனுக்கு. பையன் என்ன படித்திருக்கிறான் என்று அவர்கள் கேட்டதற்கு வந்த பதில் அது.

அந்த வண்டியின் இன்ஜின் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். 2002-லும் 2003-லும் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. டெல்டா முழுவதும் குறுவையைப் பறிகொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். "கர்நாடகாக்காரன் தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன, என் வண்டி ஒரு சொட்டுத் தண்ணி கேக்காது" என்பார். வண்டி கேட்காது, வயல் கேட்குமே என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாமாவின் கதை வேறு. புல்லட்டை ஸ்டார்ட் பண்ணுவது என்பது அந்தக் காலத்தில் ஒரு சடங்கு. ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். கிக்கரை மெதுவாக அழுத்தி முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். டீகம்ப்ரெஷரைப் பிடித்து பிஸ்டனை ஒரு நூல் தள்ளிவிட வேண்டும். அப்புறம்தான் உதை. முறை தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். மன்னார்குடியில் மாமாவின் தெருவில் இதைப் பிசகில்லாமல் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைப் பையன்கள் வரிசையாக உதைத்துக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார, கடைசியில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். 1955-லிருந்து சென்னையில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி, இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியையே மூடிவிட்டார்கள், திருவொற்றியூரில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

1994-ல் ஐச்சர் கம்பெனி என்ஃபீல்டைத் தன் கைக்குள் கொண்டுவந்தது.

பெரியப்பா அப்போது நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், திருவொற்றியூர் ஆலைக்கு அவரே அட்வான்ஸ் கொடுத்துப் பத்திரம் முடித்தவர் என்று தோன்றும். மன்னார்குடிக்கு பஸ் ஏறிப் போய், மாமாவின் திண்ணையில் உட்கார்ந்து, "மாப்ளே, இனிமே நாம ஒரே வீடு. வண்டியில ஏதாச்சும் குறையிருந்தா எங்கிட்ட சொல்லு, கம்பெனிக்கு எழுதிப் போடுறேன்" என்றார். மாமா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

"டிராக்டர்காரன் கைக்குப் போயிடுச்சுக்கா" என்று அம்மாவிடம் போனில் புலம்பினார். "அடுத்த மாடல்ல பின்னாடி கலப்பை வச்சுத்தான் குடுப்பான்."

அன்றிலிருந்து மாமாவின் புல்லட் கெட ஆரம்பித்தது. அது கம்பெனி கைமாறுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பு செய்த வண்டி. புது முதலாளி அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவே பிரித்துப் போட்டு மாட்டுவதில் மிச்சம் விழுகிற நட்டுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பாட்டில் நிரம்பிவிட்டது என்று அத்தை நினைவூட்டினால், "முன்னாடியும்தான் பிரிச்சேன், அப்ப இப்படியா இருந்துச்சு?" என்பார்.

புகார் சொல்ல நிஜமான காரணம் பிற்பாடு வந்தது. வலது காலில் இருந்த கியரை 2000-க்குப் பிறகு வந்த வண்டிகளில் இடது காலுக்கு மாற்றினார்கள். பத்து வருஷம் ஆவதற்குள் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினையும் நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸையும் சேர்த்து ஒரே கூடாகச் செய்த புது இன்ஜினைக் கொண்டுவந்தார்கள். பழைய சத்தம் போய்விட்டது என்று நாடு முழுக்க புல்லட்காரர்கள் அழுதார்கள். மாமாவும் ஷோரூமுக்குப் போய் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"என்ன மாமா, சத்தம் சரியில்லையா?"

"சத்தத்தை விடு மாப்ளே. பட்டன அமுக்குனா ஸ்டார்ட் ஆகுதுடா!"

அவருக்கு வேறு குறை எதுவும் சொல்லத் தெரியவில்லை. யார் அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகிறது. பாங்க் கிளார்க் அமுக்குகிறார், ஸ்டார்ட் ஆகிறது. அவர் பெண் அமுக்குகிறாள், ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருத்தன் எதற்கு?

உண்மையில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஐச்சர் நிர்வாகமே என்ஃபீல்டை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று யோசித்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கித் தூக்கி நிறுத்தினார். மூடியிருந்தால் மாமா இதைவிட நிம்மதியாக இருந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். செத்துப்போன சரக்கு கெட்டுப்போவதில்லை. 1993-ல் கோக்காகோலா வந்து பார்லேயிடமிருந்து கோல்ட் ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் எல்லாவற்றையும் வாங்கியதே, அதில் கோல்ட் ஸ்பாட்டை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் கோல்ட் ஸ்பாட்டின் ருசி வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. நிறுத்தாமல் விட்ட தம்ஸ் அப்பைத்தான் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் திட்டுகிறார்கள். "முன்ன மூக்குல ஏறும், இப்ப எங்க ஏறுது?" முன்பு அவர்களுக்குப் பத்து வயது, அந்த வயதில் மூக்கில் எதுதான் ஏறாது?

இனி 2005. அந்த வருஷம் எங்கள் குடும்பத்துக்கு ஆகவில்லை.

மே மாதம் ஐபிஎம்மின் கம்ப்யூட்டர் வியாபாரம் முழுசாக சீனாவின் லெனோவா கைக்குப் போனது. 125 கோடி டாலர். 1992-லிருந்து ஒரே கறுப்பாக, ஒரே சதுரமாக, கீபோர்டு நடுவில் ஒரு சிவப்புப் பொட்டோடு வந்துகொண்டிருந்த திங்க்பேடும் அதோடு போயிற்று. தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிற நான், சென்னை ரிச்சி தெருவில் பழையதாக ஒன்றை வாங்கி, கறிவேப்பிலை வாங்கப் போனாலும் கையில் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நான் துக்கத்தில் இருக்கும்போதே, அதே ஆண்டில் பெரியப்பாவின் தலையில் இடி விழுந்தது. ஐச்சர் தன் டிராக்டர் பிரிவை சென்னையிலிருக்கிற டாஃபேவுக்கு விற்றுவிட்டது. டாஃபே யார்? மாஸி ஃபெர்குசன் செய்கிறவர்கள். அதாவது பக்கத்து வயல்காரன் வண்டி. பெரிய குதிரைசக்தியில் அவர்கள் பலம், சின்ன வண்டியிலும் வடக்கத்திச் சந்தையிலும் ஐச்சர் பலம். இரண்டும் சேர்ந்தால் கடை நிறையும் என்பது வியாபாரக் கணக்கு. பெரியப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். என்னை எதிரிக்கட்சி ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மறுநாளே மாமா புல்லட்டில் வந்து இறங்கினார். பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த நாள் அது. திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அவசரமே இல்லாமல் ஆரம்பித்தார்.

"கேள்விப்பட்டேன் அத்தான். மனசு கேக்கல, அதான் வந்தேன்."

பெரியப்பா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாலும் பாருங்க, டிராக்டரை வித்த ஐச்சர்காரன் புல்லட்டை விக்கல. உங்கள வித்துட்டாங்க. எங்கள வச்சுக்கிட்டாங்க."

அதற்கப்புறம் ஒரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் அம்மாதான் பாவம், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் "கம்பெனி விவகாரம், நமக்கென்ன" என்று சொல்லிப் பார்த்தாள்.

பெரியப்பாவின் டிராக்டரும் உடனே கெட்டது. சேற்றுழவில் கேஜ் வீல் மாட்டி இறக்கினால் கரும்புகை தள்ளியது. மெக்கானிக் வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே இரண்டு போக வைக்கோல் தூசி. தட்டிவிட்டு மாட்டினார், புகை நின்றது. "ஐயா, கம்பெனியில ஒண்ணும் மாறல. இன்னமும் அதே போபால் பக்கத்து மண்டிதீப் ஃபேக்டரிதான், அதே ஆளுங்கதான்" என்று சமாதானம் வேறு சொன்னார்.

"ஆளு அதே ஆளுதான், மனசு மாறியிருக்கும்ல?" என்றார் பெரியப்பா.

இந்த இரண்டு பேரோடும் என்னைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. என் விஷயம் அப்படியில்லை. என் திங்க்பேடின் ஸ்பேஸ் பார், விற்பனைச் செய்தி வந்த வாரத்திலிருந்து ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. அதன் மேல் காபி கொட்டியது உண்மைதான். ஆனால் காபி அதற்கு முன்பும் கொட்டியிருக்கிறது, அப்போது தாங்கியது. தவிர, எங்கள் கூட்டத்தின் சந்தேகம் வீண் போகவில்லை. 2012-ல் ஏழு வரிசைக் கீபோர்டை ஆறாகக் குறைத்தார்கள். அடுத்த ஆண்டு, சிவப்புப் பொட்டுக்குக் கீழே இருந்த மூன்று பட்டன்களையும் எடுத்துவிட்டு வழவழவென்று ஒரு பலகையை வைத்தார்கள். உலகம் பூராவும் திங்க்பேட்காரர்கள் போட்ட கூச்சலில் 2015 மாடல்களில் பட்டன்கள் மறுபடி வந்துவிட்டன. 2017-ல் வெள்ளி விழாவுக்கு என்று பழைய ஏழு வரிசையோடு ஒரு தனி மாடலே போட்டார்கள்.

இதை நான் வெற்றியாகத்தான் வீட்டில் அறிவித்தேன். "மூணு பட்டனுக்காடா மூஞ்சிய ரெண்டு வருஷம் தூக்கி வச்சுக்கிட்டிருந்த?" என்றாள் பெரியம்மா. கேட்கலாம். ஆனால் பெரியம்மாவும் சாம்பார்ப்பொடியை மாற்றிய வீட்டில் இரண்டாம் தடவை கை நனைக்காதவள்.

2006-ல் இதே கூத்து அமெரிக்காவில் கேம் விளையாடுகிறவர்கள் நடுவில் நடந்தது. மயாமியில் சின்னதாக ஆரம்பித்து, வேற்றுக்கிரக முகம் போட்ட கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்த ஏலியன்வேரை டெல் வாங்கியது. பெட்டியைக் காட்டி மற்றவர்களைப் பொறாமைப்பட வைத்தவர்கள் எல்லாம், இனிமேல் இதுவும் ஆபீஸ் குமாஸ்தா மேஜையில் இருக்கிற டெல்தானே என்று கலங்கினார்கள். அதே ஆண்டு கனடாவின் வூடூவை ஹெச்பி வாங்கியது. ஏலியன்வேர் பெயர் இன்றும் கடையில் இருக்கிறது, திட்டும் வாங்குகிறது. வூடூ பெயர் சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. அதைக் கோல்ட் ஸ்பாட் கணக்கில் சேர்த்துவிடலாம்.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. டாஃபே கைக்குப் போன வண்டியை வைத்துக்கொண்டு ஊரில் தலைகாட்ட முடியாது என்று, 2006 சம்பா முடிந்த கையோடு ஐச்சரைக் கொடுத்துவிட்டார். எந்தப் பெரிய கம்பெனிக்கும் கட்டுப்படாத வண்டியாகத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம். விசாரித்து விசாரித்து ஸ்வராஜ் வாங்கினார். பஞ்சாப் டிராக்டர்ஸ், மொகாலி. துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் நம் ஆட்களே வரைந்த வண்டி, வெளிநாட்டு வாசனையே கிடையாது. பெயரைப் பார், ஸ்வராஜ்! மாட்டுப்பொங்கலுக்கு மாடுகளுக்கு முன்னாலேயே அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டார். மாமாவுக்கும் ஆள் அனுப்பினார், வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி. மாமாவும் வந்தார், நல்ல சாப்பாடு, பேச்சுவார்த்தை திரும்பியது.

அந்த மார்ச்சிலேயே மஹிந்திரா பஞ்சாப் டிராக்டர்ஸை வாங்கியது.

இந்தத் தடவை பெரியப்பா சாப்பிடாமல் படுக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. கும்பகோணத்தில் பங்குச்சந்தையில் கொஞ்சம் விளையாடுகிற அத்தை மகன்தான் முதலில் போன் பண்ணினான். "மாமா, அடுத்து எது வாங்கப் போறீங்க? வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான். விஷயம் பரவிவிட்டது. ஃபேன் வாங்கப் போனால், மோட்டார் வாங்கப் போனால், கூடவே ஒருத்தன் பேப்பரும் பேனாவுமாக வருகிறான்.

போன தை மாதம் கும்பகோணத்தில் அத்தை பேத்தி கல்யாணம். பந்தி முடிந்து எல்லோருக்கும் போவோண்டோ கொடுத்துக்கொண்டு வந்தார்கள். 1916-ல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க், இன்றும் அதே குடும்பத்து ஆட்கள் கையில்தான் இருக்கிறது. பெரியப்பா பாட்டிலைத் திருகப் போனார். அத்தை எங்கிருந்தோ ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கினாள்.

"அண்ணே, இது ஒண்ணுதான் இன்னும் கைமாறாம இருக்கு. நீங்க மோர் குடிங்க."