எல்லாருக்கும் மொதப் பந்தியாம்!

ஏலே மாப்ள, ரவுட்டருக்குள்ள போயி, யாருக்கு நெட்டு மொதல்லன்னு சொல்லுத க்யூஓஎஸ் பக்கத்தத் தொறந்து, வீட்டுல உள்ள அம்புட்டு சாமானுக்கும் ‘ஹை’ன்னு போட்டு வச்சிருக்கியே, பெரிய தர்மப்பிரபுதான் நீ! ஒன் போனு ஹை, பொஞ்சாதி பாக்குத டிவி ஹை, மச்சான் கேம் ஆடுத பொட்டி ஹை, வாசல்ல தொங்குத கேமராவுங்கூட ஹை. கல்யாண வீட்டுல வந்தவன் பூராத்தையும் மொதப் பந்தியில உக்காத்துனா அதுக்குப் பேரு பந்தியாலே? தள்ளுமுள்ளு.

எவனையாவது கீழ எறக்கு. ராத்திரி பூரா போட்டோவ மேல ஏத்திக்கிட்டே கெடக்குல்லா ஒரு பேக்கப்பு, அதுக்கு ‘லோ’ போடு. அது நாளைக்கு முடிஞ்சா குடியா முழுவிரும்? வீடியோ காலுக்கு ‘ஹை’ குடு. மத்தது நடுவுல கெடக்கட்டும்.

இன்னொரு கூத்து. லைனு வாங்குனது நூறு எம்பிபிஎஸ்ஸு, அதே பக்கத்துல லைன் ஸ்பீடு கேக்குத கட்டத்துல நீ எழுதுனது ஆயிரம். கஞ்சத்தனம் இல்லாத மனுசன்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா லைனு நெறஞ்சது ரவுட்டருக்கு எப்படிலே தெரியும்? இன்னும் தொள்ளாயிரம் பாக்கி இருக்குன்னு அது பாட்டுக்குத் தள்ளும். பாக்கெட்டெல்லாம் வெளியில மோடத்துல போயி தேங்கும். தேங்குனா ஒன் மீட்டிங்குல மொதலாளி வாயத் தொறந்தாரு, சத்தம் அப்பறமா வரும். ஜிம் கெட்டிஸுன்னு ஒரு கம்ப்யூட்டர்காரரு 2010-ல தன் வீட்டு நெட்டுலயே இந்தத் தேக்கத்தக் கண்டுபுடிச்சு ஊருக்குச் சொன்னாரு. ஸ்பீடு டெஸ்டு போட்டுப் பாரு. தொண்ணூறு வந்தா கட்டத்துல எண்பதுன்னு எழுது. ஏத்துறதுக்கும் எறக்குறதுக்கும் தனித்தனியா எழுதணும், கேட்டியா?

சாமானுக்கெல்லாம் அட்ரஸ் குடுக்குத டிஹெச்சிபியில பண்ணுன வேல அதுக்கு மேல. 192.168.1.100-லருந்து 199 வரைக்கும் ரவுட்டரே பங்கு போட்டுக்கிடும்னு விட்டுட்டு, பிரிண்டருக்கு மட்டும் கையால 105-ன்னு எழுதிட்டு வந்திருக்க. விருந்தாளி போனுக்கும் ரவுட்டரு அதே 105-ஐத் தூக்கிக் குடுத்தா, பிரிண்டரக் காணும்! நீ அத நாலு தட்டுத் தட்டுத. பாவம், அது என்ன செய்யும்? ரவுட்டருலயே ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’னு இருக்கு, பிரிண்டரோட சொந்தப் பேரு மாதிரி இருக்குத மேக் அட்ரஸ அதுல போட்டு ஒரு நம்பர ஒதுக்கு. போனுக்கு ஒதுக்குறதா இருந்தா, அந்த வைஃபைக்கு மட்டும் போனுல ‘ரேண்டம் மேக்’க அணைச்சிரு. இல்லன்னா அது பொய்ப் பேரச் சொல்லிக்கிட்டு வரும். ரவுட்டரு ‘யாருலே நீ’ன்னு கேக்கும்.

மாடியில வச்ச ரெண்டாவது ரவுட்டரு? அத வெறும் ஆக்சஸ் பாயிண்டா வையி. அதோட நம்பர 192.168.1.2-ன்னு மாத்து, டிஹெச்சிபிய அணை, கேபிள லேன் ஓட்டையில சொருவு. ஒரு வீட்டுக்கு அட்ரஸ் குடுக்க ஒரு ஆளு போதும்.

அப்பறம், அட்மின் பாஸ்வேர்டு இன்னும் ‘அட்மின்’னுதான் கெடக்கு. நீ இன்னைக்கு எல்லாத்தையும் சரி பண்ணி வையி, நாளைக்கு ஒன் மச்சான் உள்ள பூந்து தன் பொட்டிக்கு மட்டும் ‘ஹை’ போட்டுட்டுப் போயிருவான். அத மொதல்ல மாத்துலே.