நேர்மை மலையேறிவிட்டதாமே, எங்கே?

அனுப்புநர்:
மனு எழுதிப் பிழைப்பவன்,
வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மனிதவள மேலாண்மைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: நேர்மை – மலையேறிவிட்டதாகச் சொல்லப்படுவது – இதுநாள்வரை எங்கள் மலைக்கு வந்து சேராதது – விசாரித்து அனுப்பிவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973.
2. பஸ்ஸிலும் டீக்கடையிலும் பொதுமக்கள் வாய்மொழியாகத் தெரிவித்தது, பல்வேறு நாள்கள்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழுகிறது. பட்டாவுக்கு நடந்தவர், பென்ஷனுக்குக் காத்திருப்பவர், பத்திர நகலுக்குப் போனவர் எல்லாரும் பெருமூச்சு விட்டுச் சொல்வது ஒன்றுதான்: “நேர்மையெல்லாம் மலையேறிப் போச்சுங்க.” எந்த மலை என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இந்த மாவட்டத்தில் ஏறுவதற்கென்று இருக்கும் பெரிய மலை எங்களுடையதுதான். அதனால் தேடிப் பார்த்தோம். கரியாலூரில் கேட்டோம். மேகம் அருவிப் பக்கம் போய்ப் பார்த்தோம். மரவள்ளிக் காட்டிலும் கடுக்காய் பொறுக்குகிறவர்களிடமும் விசாரித்தோம். அப்படி ஓர் ஆள் வந்ததாகத் தகவல் இல்லை.

மலையேறுவது எங்களுக்குப் புதிய சங்கதி அல்ல. மலையாளிப் பழங்குடிகளாகிய எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாக நாங்கள் சொல்லும் கதை. நடந்தே வந்தார்கள், வந்து சேர்ந்தும் விட்டார்கள். அரசாங்கம்தான் கொஞ்சம் மெதுவாக ஏறியது. விடுதலைக்குப் பிறகும் 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. தங்கள் நடத்தை விதிகளோ 1973இலேயே பிறந்துவிட்டன. அரசு எங்களிடம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே அதன் ஒழுக்கம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ரோடு வந்தது, 2019இல் மாவட்டமே வந்தது. முதலில் புறப்பட்டது மட்டும் வரவில்லை. கச்சிராயபாளையத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலக வாசலில், மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றவை தங்களை ஒதுக்கிவிட்டதாக வருத்தப்படும். பக்கத்தில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன்: “மனு 50 ரூபாய். பதிவுத் தபால் தனி. ரசீது உண்டு.” எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு நடத்தை விதி என்று இருப்பது இந்த ஒரு அட்டைதான்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில், பட்டேல் பிறந்த நாளையொட்டி, ஊழல் ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் வருகிறது. அப்போது அலுவலகத்தார் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள். வலது கையை நேராக முன்னே நீட்டி, லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று உரக்கச் சொல்வார்கள். மரத்தடியிலிருந்து பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. எனக்குள்ள ஐயம் ஒன்றே ஒன்றுதான். காலையில் நீட்டிய கையும் மாலையில் நீட்டிய கையும் ஒரே கை. காலையில் உள்ளங்கை கீழே பார்த்தது, மாலையில் மேலே பார்த்தது. உறுதிமொழியில் உள்ளங்கை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று விதியில் சொல்லாமல் விட்டதால் வந்த குழப்பம் இது. ஒரு திருத்தாணை போட்டால் தீர்ந்துவிடும்.

எனக்கும் அந்த அனுபவம் உண்டு. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. மூன்று முறை போனேன். முதல் முறை ஐயா கேம்ப். இரண்டாம் முறை மீட்டிங். மூன்றாம் முறை ஐயா இருந்தார், சர்வர் படுத்திருந்தது. பக்கத்தில் நின்றவர் காதோடு ஒரு வைத்தியம் சொன்னார். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கண்டதும் சர்வர் எழுந்து உட்கார்ந்தது. சென்னையில் இருக்கும் இயந்திரத்துக்கு வெள்ளிமலையில் நீட்டிய நோட்டு எப்படித் தெரிந்தது என்பதை விஞ்ஞானிகள்தான் சொல்ல வேண்டும்.

பிறகுதான் படித்தேன். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கொடுப்பவனையும் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள், ஏழாண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவன் ஏழு நாளுக்குள் புகார் செய்துவிட்டால் தப்பலாம். நல்ல சட்டம். ஆனால் சர்வர் எழுந்த பிறகும் சான்றிதழ் என் கைக்கு வரப் பத்து நாள் ஆனது. வாங்குகிறவர் என்னைவிடச் சட்டம் அறிந்தவர். ஏழு நாள் முடியும்வரை சான்றிதழ் அவர் கையில், வாய் என் கையில்.

இனிச் சொல்வதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கும் மேல் செத்தார்கள். அதற்கு முந்தின ஆண்டுதான் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கங்களில் 20 பேருக்கும் மேல் அதே மெத்தனாலில் போயிருந்தார்கள். கருணாபுரம் காட்டுக்குள் இல்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகரத்துக் குடியிருப்பு. முதலில் சாவுக்குக் காரணம் சாராயம் இல்லை என்றார்கள். பிறகு ஆட்சியருக்கு இடமாற்றம், காவல் கண்காணிப்பாளருக்குத் தற்காலிகப் பணிநீக்கம். போலீசார் கண்டும் காணாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது.

கண்டும் காணாமல் இருப்பதற்கு எங்கள் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மலையில் சாராய ஊறல் அழித்த செய்தி பேப்பரில் அடிக்கடி வரும், இத்தனை பேரல், இத்தனை லிட்டர் என்று. ஊறலுக்கு வெல்லம் வேண்டும். மலையில் கரும்பு ஆலை இல்லை, வெல்லம் கீழேயிருந்துதான் மூட்டை மூட்டையாக ஏற வேண்டும். ஏறும் பாதைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. வழியில் பார்த்தவர்கள், இந்த மலைக்காரர்கள் தினமும் பொங்கல் வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். எங்களில் சாராயம் காய்ச்சியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மெத்தனால் மரவள்ளிக் கிழங்கு மாதிரி மண்ணில் விளைவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. கணக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, லாரியில் போக வேண்டிய பொருள். அந்தக் கணக்கில் யாரோ ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் போதும்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் உண்டாம். அந்தச் சொல் எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து எங்கள் மலையின் நிலைமையை வழக்காக எடுத்து, முதலமைச்சர் ஒருமுறை வந்து பார்க்கலாமே என்றது. பிழைப்புக்கு வழியில்லை என்பதுதான் வழக்கின் சாரம். வேலை பார்க்காமல் விட்டவருக்குப் பிழைப்பூதியம் இருக்கிறது. வேலையே இல்லாதவனுக்கு என்ன பெயரில் தருவீர்கள் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

நேர்மை வரவே இல்லை என்று மேலே எழுதினேன். அது முழு உண்மை ஆகாது. ஒரு முறை வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நர்ஸம்மா மாற்றலில் வந்தார். கீழே மேலதிகாரியிடம் மறுத்துப் பேசியதற்காகத் தண்டனையாக அனுப்பியிருந்தார்கள். மலைக்கு மாற்றுவது அவருக்குத் தண்டனை, எங்களுக்கு என்ன குற்றத்துக்கு என்று அப்போது முணுமுணுத்தோம். அந்த அம்மா மாதம் முழுக்கக் கிராமம் கிராமமாக நடப்பார். ஒருநாள் ஓடையில் வெள்ளம், போக முடியவில்லை. பதிவேட்டில் உள்ளபடியே எழுதினார்: “இன்று போகவில்லை. ஓடையில் வெள்ளம்.” அதற்கு மெமோ வந்தது. மற்ற எல்லாருடைய பதிவேட்டிலும் அந்த மாதம் நூற்றுக்கு நூறு. வெள்ளத்தில் நீந்திப் போனார்களோ, பறந்து போனார்களோ, யாரும் கேட்கவில்லை. மெமோவுக்கு விளக்கம் எழுத அந்த அம்மா என்னிடம் வந்தார். நான் 50 ரூபாய் வேண்டாமென்றேன். அட்டையைக் காட்டி, கொடுத்துவிட்டு, ரசீது கேட்டு வாங்கிப் போனார். அடுத்த மாற்றலில் இறங்கியும் போய்விட்டார்.

ஆக, ஐயா, மலையேறி வந்த நேர்மையைத் திருப்பி இறக்கியது பதிவேடுதான். ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. பதிவேடுகளில் “இன்று செய்ய முடியவில்லை, காரணம்” என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதை உள்ளபடி நிரப்புகிறவருக்கு மெமோ அனுப்பக் கூடாது.
2. என் அட்டையைப்போல ஒவ்வொரு மேஜையிலும் ஓர் அட்டை வேண்டும்: எந்த வேலைக்கு எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், ரசீது உண்டு.
3. தண்டனைக்கு வேறு இடம் பார்க்கவும்.
4. இந்த மனுவை, இதில் சொல்லப்பட்டவரிடமே விசாரணைக்கு அனுப்பக் கூடாது.

நான்காவது நடக்காது என்று தெரியும். தங்கள் கோட்டையிலிருந்து இந்த மனு “தக்க நடவடிக்கைக்காக” மாவட்டத்துக்கு வரும். அங்கிருந்து கோட்டம், கோட்டத்திலிருந்து வட்டம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரையோடு படிப்படியாக மலையேறி, கடைசியில் நான் உட்கார்ந்திருக்கும் மரத்துக்கு எதிரே உள்ள மேஜையில் வந்து நிற்கும். சர்வரை எழுப்பிய அதே ஐயா பிரித்துப் படிப்பார். மனுதாரரை விசாரித்ததில் குறை ஏதும் இல்லை என்று பதில் அனுப்ப வேண்டும். நல்ல தமிழில் அதை எழுதித் தர இந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. ஜன்னல் வழியாக என்னைத்தான் கூப்பிடுவார்.

எழுதித் தருவேன். ஐம்பது ரூபாய். ரசீது உண்டு.

இப்படிக்கு,
மனு எழுதிப் பிழைப்பவன்,
வெள்ளிமலை.

இணைப்பு: ரசீது நகல் – 1.