முத்தநாதன் கொண்டுவந்த அட்டாச்மென்ட்

மெய்ப்பொருள் நாயனாரைக் கத்தி கொன்றது என்கிறது பெரியபுராணம். கொன்றது அட்டாச்மென்ட் என்பது என் கட்சி.

திருக்கோவலூர் மன்னரான அந்த நாயனாரிடம் திரும்பத் திரும்ப உதை வாங்கிய முத்தநாதன், ஒருநாள் படையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூளையைக் கூப்பிட்டான். கோட்டையில் ஓட்டை எங்கே? மதிலில் இல்லை, மன்னரிடமே இருந்தது. திருநீறு பூசி வந்தவர் யாரானாலும் அவருக்குச் சாமிதான். முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசினான், முடியைச் சடையாகக் கட்டினான், கையில் ஒரு புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டான். கட்டுக்குள் கத்தி. ப்ரொஃபைல் படம் தயார்.

வந்த நேரம் ராத்திரி. வாசலுக்கு வாசல் காவலர்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். கடைசி வாசலில் தத்தன் நின்றான். வாங்கிய சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் அந்தக் கோட்டையிலேயே அவன் ஒருவன்தான். "ராஜா தூங்குகிறார், நேரம் பார்த்து வாருங்கள்" என்றான். "அவருக்கு உறுதிப்பொருள் சொல்ல வந்திருக்கிறேன், நீ தள்ளு" என்று வந்தவன் உள்ளே போயே போய்விட்டான்.

அரசி எழுப்ப, மன்னர் எழுந்தார். எங்கேயும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான் முத்தநாதன். எங்கேயும் கிடைக்காத சரக்கு நடுராத்திரியில் வீடு தேடி வந்தால் நம் பாட்டிமார் முதலில் கதவைச் சாத்துவார்கள். மன்னர் கேட்க உட்கார்ந்தார். அடுத்த நிபந்தனை இன்னும் அழகு: அரசியார் இங்கே இருக்கக் கூடாது, நாம் இருவர் மட்டும் தனியாக இருக்க வேண்டும். ஓடிபியை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள் என்று இன்று போனில் குழைகிறவனின் கொள்ளுத்தாத்தா இவன்தான். மனைவியை அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் ஏற்றி, தான் தரையில் அமர்ந்து கும்பிட்டார் மன்னர். ஃபைல் திறந்தது.

வாளோடு பாய்ந்த தத்தனைத் தடுத்து, இவரை யாரும் தொடாமல் ஊர் எல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்றார் சாகப்போகிறவர். அவருக்குச் சிவன் நேரிலேயே காட்சி கொடுத்தார். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. பணம் எடுக்கப்பட்டது என்று ஒரு எஸ்எம்எஸ் காட்சி கொடுக்கும்.

இந்தக் கதையைக் கடையநல்லூரில் சொன்னால் சிரிப்பு சீக்கிரமே அடங்கும். சிங்கப்பூருக்குக் கப்பலேறி, 1941இல் அங்கேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியவர்களின் ஊர் அது. பிறகு வளைகுடா வந்தது. வெளிநாட்டுக் காசும் வெளிநாட்டுக் கடிதமும் பழகிய ஊர். கடிதத்தில் இருப்பது புருஷன் கையெழுத்துதானா என்று வீட்டம்மா ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். மின்னஞ்சலில் கையெழுத்து ஏது? முத்தநாதனுக்கு லாட்டரி விழுந்தது அங்கேதான்.

2007 செப்டம்பரில் அவன் அபுதாபியில் வேலை பார்த்த ஒருவரிடம் போனான். அவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு. வங்கியின் பெயரிலேயே வந்த மின்னஞ்சல் கணக்கு விவரத்தைக் கேட்டது, அவரும் கொடுத்தார். 6.46 லட்சம் ரூபாய் அதே வங்கியில் கணக்கு வைத்திருந்த மும்பை நிறுவனம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. கடவுச்சொல்லை அவரே கொடுத்துவிட்டார், நாங்கள் என்ன செய்ய என்றது வங்கி. தீர்ப்பு அதிகாரியாக இருந்த தமிழகத் தகவல் தொழில்நுட்பச் செயலர் டேவிதார் அதை ஏற்கவில்லை. 12.85 லட்சம் கொடுக்கச் சொல்லி 2010 ஏப்ரல் 12 அன்று உத்தரவிட்டார். தத்தனாவது நேரம் பார்த்து வரச் சொன்னான், வங்கி அதுகூடச் சொல்லவில்லை!

அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிவது வெறும் திருநீறு, யாரும் பூசிக்கொள்ளலாம். விலாசத்தின் வாலைப் பாருங்கள். வங்கிகளின் இணைய முகவரி ".பேங்க்.இன்" என்று முடிய வேண்டும், 2025 அக்டோபர் 31க்குள் எல்லாரும் மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது இதற்காகத்தான். இன்று இரவுக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்று மிரட்டினால், முடங்கட்டும் என்று சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மறுநாள் பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசிக் கேட்டுக்கொள்ளலாம்.

அதையும் மீறிப் பணம் போய்விட்டால், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்கு போன் போடுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து முத்தநாதன் எடுப்பதற்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க முடியும்.