காலை நீட்டிய குடும்பம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மே மாதம் வந்தால் இரண்டே திசைதான் தெரியும். ஒன்று கொடைக்கானல், இன்னொன்று மிஷனெரிப் பணித்தளம். கொடைக்கானலில் அறை வாடகை உண்டு, ஏரியைச் சுற்றக் குதிரைக்குக் காசு உண்டு. பணித்தளத்திலோ தங்க இடம் சும்மா, சாப்பாடு சும்மா, திரும்பி வந்தால் சாட்சி சொல்ல மைக்கும் கையில் கிடைக்கும். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு டோர்னக்கல் பக்கம் போவதென்று முடிவு செய்தார்.

டோர்னக்கல் எங்களுக்குச் சொந்த ஊர் மாதிரிதான். 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, உள்ளூர்க் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1912இல் டோர்னக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. அந்தக் காலத்து ஆச்சிகள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை மிஷனுக்கென்று தனிப்பானையில் எடுத்து வைப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாமிரபரணியைத் தாண்டிப் போனதில்லை. அதனால் அவர்கள் பெட்டியைத் தூக்க எந்த மிஷனெரியும் ரயிலடிக்கு வர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பெட்டியைத் தூக்கப் பணித்தளத்துப் பணியாளர் ஒருவர் வந்தார். அத்தை கொண்டுவந்த பெட்டி மட்டுமே ஒரு ஆள் கனம். அதுபோக, 'ஏழைகளுக்கு வஸ்திரம்' என்று எங்கள் சபை ஐயர் ஆலயத்தில் அறிவித்ததில் சேர்ந்த துணி மூட்டைகள். பிரித்துப் பார்த்தால் கோட்டு, கழுத்து டை, ஊட்டியில் வாங்கிய ஸ்வெட்டர், மாமியார் எடுத்துக் கொடுத்த ஒரே காரணத்துக்காகக் கட்டாமலே கிடந்த பாலியெஸ்டர் சேலைகள். நாங்கள் இறங்கிய அன்று அங்கே வெயில் 45 டிகிரி. ஸ்வெட்டரைப் பார்த்த பணியாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பல வருஷம் ஊழியம் செய்தவர் அல்லவா!

அவர் மனைவி சாயர்புரத்துப் பெண். வீட்டில் மின்விசிறி ஓடுகிற அறை ஒன்றுதான். அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் பிள்ளைகளோடு முற்றத்தில் நார்க்கட்டில் போட்டுக்கொண்டார்கள். "காத்தோட்டமா இருக்கும் மாமா, எங்களுக்கு இதுதான் பழக்கம்" என்று அந்த அக்கா சொன்னதை அப்பா அப்படியே நம்பினார். அம்மா நம்பவில்லை. வேளாவேளைக்குக் குளிக்கிற குடும்பம் எங்களுடையது. தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. யார் தூக்கி வந்தார்கள் என்று குளித்தவர்கள் யாரும் விசாரிக்கவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் என்ற முறையில் அத்தைக்கு ஒரு திட்டம் இருந்தது. "ஏட்டி, சுத்தம்னா என்னன்னு அந்த சனங்களுக்கு நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்று படம் போட்ட அட்டைகளைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அந்த ஊர்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து, வாசலில் சாணம் தெளித்து, கோலமும் போட்டுவிட்டு, அத்தை விழிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அத்தை ஏழரை மணிக்கு எழுந்து பல் விளக்காமல் காபி கேட்டார். சுகாதார வகுப்பு அதற்குப் பிறகு நடந்தது.

தம்பி விடுமுறை வேதாகமப் பள்ளிக்கென்று கிதாரும் கைப்பாவைகளும் கொண்டுவந்திருந்தான். யோனாவை மீன் விழுங்கும் கட்டத்தில் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தது மீனை அல்ல, பின்னால் இருந்த பிஸ்கட் பெட்டியைத்தான். பிள்ளைகள் எந்த ஊரிலும் பிள்ளைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிரசங்கம். யோவான் 13ஆம் அதிகாரம், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியது. பணிவிடையைப் பற்றி அப்பா முக்கால் மணி நேரம் முழங்கினார். நடுவில் கரண்டு போனதும் குரலை இன்னும் உயர்த்தினார். தெலுங்கில் பெயர்த்த பணியாளர், சபையார் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும் என்பதை உணர்ந்து, கால்வாசியோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஊருக்கு அன்று நடந்த உண்மையான ஊழியம் அது. முடித்துவிட்டு வெயிலில் நடந்து வந்தால், வாசலில் நாங்கள் கால் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் துவைத்த துண்டும் வைத்துவிட்டு, அக்கா அடுப்படிக்குள் ஓடிக்கொண்டிருந்தார். பேதுருவாவது முதலில் காலை இழுத்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் கூச்சப்படவில்லை, வரிசையாக நீட்டினோம்.

ஒரே ஒருத்தி அங்கே பிரயோஜனப்பட்டாள் என்றால் அது அம்மாதான். அம்மாவுக்குப் பாட்டு வராது, பிரசங்கம் வராது, தெலுங்கும் வராது. மே மாதம் அங்கே ஆவக்காய் போடும் காலம். அடுத்த வீட்டில் மாங்காயைக் கொட்டையோடு துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். துண்டுகளில் சொட்டு ஈரம் இருந்தால் வருஷம் முழுக்க இருக்க வேண்டிய ஊறுகாய் பூசணம் பிடித்துவிடும். ஒவ்வொன்றையும் துடைத்தாக வேண்டும். அம்மா போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக் கிழவி, வந்திருப்பது விருந்தாளி என்ற மரியாதை எதுவும் இல்லாமல், சரியாகத் துடைக்காத துண்டுகளை அம்மாவின் மடியிலேயே திருப்பிப் போட்டாள். பாலியெஸ்டர் சேலை ஈரத்தை உறிஞ்சாது. அம்மா எழுந்து வந்து அப்பாவின் பெட்டியிலிருந்து ஆலயத்துக்குக் கட்டும் வேட்டியை எடுத்துக்கொண்டு போய் நாலாகக் கிழித்தாள். எங்கள் குடும்பம் கொண்டுபோன துணியில் அந்த ஊருக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அப்பா அன்று இரவு கொஞ்சம் உம்மென்று இருந்தார்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியதை அவருக்கு நினைவூட்டலாமா என்று யோசித்தேன். நீங்கள் செய்த தியாகமெல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்கள்தான் வேண்டும் என்று வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். கேட்டவர்களில் பலருக்கு அது ரசிக்கவில்லை. நூறு வருஷம் கழித்து அதே டோர்னக்கல் பக்கத்தில், அந்த வெள்ளைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன நாற்காலியில் நாங்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தோம், நிறத்தைப் பற்றிக் கவலையில்லாமல். வேட்டி போன துக்கத்தில் இருந்தவரிடம் சரித்திரம் பேச எனக்குத் துணிவு வரவில்லை. அம்மாவும் கிழவியும் சாப்பிட்டபின் எதிரெதிரே திண்ணையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாஷையில் மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இன்னும் மருமகளே வரவில்லை.

ஊர் திரும்பியதும் சபையில் அறிக்கை வாசித்தார் அப்பா. நடத்திய கூட்டங்கள், கொடுத்த வஸ்திரங்கள், கேட்ட ஆத்துமாக்கள் என்று கணக்கு வாத்தியாருக்கே உரிய சுத்தமான பட்டியல். ஆவக்காய் அதில் இல்லை. கிழவி கொடுத்தனுப்பிய ஜாடி மட்டும் வீட்டில் இருந்தது. அதையும் அத்தை பாதி கொண்டுபோய்விட்டார். அறிக்கையைக் கேட்டுப் பரவசமாகி, அடுத்த மே மாதத்துக்கு இன்னும் சில குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன.

அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டிக்கெட் போடுமுன் பணியாளருக்குப் போன் பண்ணி, "நாங்க வரலாமா தம்பி?" என்று கேளுங்கள். "வாங்க, வாங்க, சந்தோஷம்" என்றுதான் சொல்வார். அதோடு வைத்துவிடாமல், போனை அவர் மனைவியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.