சாகாத செல்கள்

கேள்வி: ஆய்வகத்தில் மனிதச் செல்களை வளர்த்து மருந்துகளைச் சோதிக்கிறார்களாமே, அந்தச் செல்களை யார் கொடுக்கிறார்கள்?

பதில்: மிகப் பிரபலமான செல்களைக் கொடுத்தவருக்கே, கொடுத்தது தெரியாது! 1951இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து கேட்காமலே செல்களை எடுத்தார்கள். மற்றவர்களின் செல்கள் சில நாட்களில் மடிந்தன; இவருடையவை நாளுக்கு நாள் இரட்டிப்பாயின. அதே ஆண்டு, 31 வயதில் அவர் இறந்தார். ‘ஹீலா’ எனப் பெயரிடப்பட்ட அந்தச் செல்களுக்கு இன்றுவரை வயதாகவில்லை. சால்க்கின் போலியோ தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்த்ததும் அவற்றை வைத்துத்தான். கம்பெனிகள் காசு பார்த்தன. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது ஆண்டுகள் ஆயின. இது அநியாயம்தான். அதற்காக ஆய்வையே ஒதுக்க வேண்டாம்; ஆய்வுக்கு ரத்தமோ திசுவோ கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒப்புதல் படிவத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.