கஷாய மாமா

சென்னைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து, இன்னும் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற ஊர் இது. கஷாய மாமாவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல் அணைந்த கையோடு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழுப்புக் கம்பளிக் குல்லா இறங்கிவிடும். காதும் கழுத்தும் மோவாயும் உள்ளே போய்விட, வெளியே மிஞ்சுவது ஒரு மூக்கும் மூக்குக்கண்ணாடியும்தான். நீலகிரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிற நாளில்கூட அங்கே தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இவ்வளவு மூட்டை கட்டிக்கொள்வதில்லை.

"எப்போ மாமா கழட்டுவேள்?" என்று கேட்டால் தொல்காப்பியத்திலிருந்து ஆரம்பிப்பார். பழந்தமிழர் வருஷத்தை ஆறு பொழுதாகப் பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆகவே பங்குனி முடியும்வரை பனிதான். வெளியே தார் இளக ஆரம்பித்திருக்கும். மாமாவின் குல்லா மட்டும் இலக்கணம் தவறாமல் தலையில் இருக்கும்.

மயிலாப்பூர் பக்கத்து ஃபிளாட்ஸ் எதிலும் இவர் ஒருவர் இருப்பார். பென்ஷன் வாங்குபவர். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்பது ஐந்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். லஸ்ஸில் இருக்கிற நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை. 1893இல் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரால் அமைந்த பூங்கா அது. நெற்றி முதல் நெஞ்சு வரை தைலம் மணக்க இவர் அதைச் சுற்றிவருவது ஒரு வகையில் நன்றிக்கடன்.

நடக்கிற நேரம் நாலரை மணி. காரணம், ஓசோன்.

"மார்கழியிலே பிரம்ம முகூர்த்தத்திலே ஓசோன் கீழே இறங்கறது. அதனாலேதான் பெரியவா எல்லாம் விடியறதுக்குள்ளே கோலம் போடச் சொன்னா."

ஓசோன் படலம் தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது, அது இறங்கிவந்தால் நமக்கு நல்லதில்லை, தரைமட்டத்து ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லிப் பார்த்தான். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கிற விடியலில் வண்டிப் புகையும் தூசியும் மேலே போக வழியில்லாமல் தங்கிவிடும், வெயில் வந்தபிறகு நடப்பதே உத்தமம் என்றும் சேர்த்துச் சொன்னான். மாமா அவனை அன்போடு பார்த்தார். "உனக்குக் கபம் கட்டியிருக்கு. குரலே சொல்றது."

இதுதான் கஷாய மாமாவின் தனிச்சிறப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பைப் பேணுவது என்றால் அவரவர் உடம்பைப் பேணுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவுக்கு அது அடுத்தவர் உடம்பில் செய்கிற காரியம். எதிர்வீட்டுப் பெண்ணின் உதட்டு வெடிப்புக்கு வெண்ணெய், வாட்ச்மேனின் பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும், மூன்றாம் மாடி ஐடி தம்பதியின் குழந்தைக்குத் துளசிச் சாறு என்று அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் அவர் பெயர் மட்டும் இல்லை.

லிஃப்டில் நீங்கள் ஒரு தும்மல் போட்டால் போதும்.

"என்னடாப்பா, ஜலதோஷமா?"

"இல்லே மாமா, சும்மா தூசி."

"தூசின்னுதான் ஆரம்பிக்கும். ராத்திரி தயிர் சாப்பிட்டியோ?"

"ரெண்டு கரண்டி..."

"பாத்தியா!"

அந்தப் 'பாத்தியா'வுக்கு அப்பீல் கிடையாது. கால் மணி நேரத்தில் அழைப்பு மணி அடிக்கும். வாசலில் மாமா, கையில் தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளர். நீங்கள் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று வேறு பார்ப்பார். ஆடாதோடை நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், திப்பிலி காது வழியாக வெளியே வரும், கண்ணில் தண்ணீர் முட்டும். "கபம் அறுந்துண்டு வரது" என்று மாமா திருப்தியோடு டம்ளரை வாங்கிக்கொள்வார்.

சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. யார் என்ன கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் அதுவே விலகும். விலகுகிற அன்று காலையில் மாமா வாசலில் இருப்பார். அந்த வெற்றி இவர் கணக்கில் ஏறும். இப்படி ஏறிய வெற்றிகளில் 2020ஆம் வருஷம் பொற்காலம். கபசுரக் குடிநீரை அரசாங்கமே மக்களுக்கு வழங்கியபோது மாமா தெருமுனையில் நின்று, அதில் சேர்கிற 15 சரக்குகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "கோட்டைக்கு இப்பத்தான் புரிஞ்சிருக்கு" என்றார்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் நாலு மிளகும் சீரகமும் பொரித்து ஆறவைத்து, உச்சந்தலையில் ஒரு கை வைத்துத் தேய்க்க வேண்டும். சீயக்காய், வெந்நீர், பிறகு ரசம் சாதம். அன்று பகலில் தூங்கக் கூடாது, குளிர்ந்த பண்டம் தொடக் கூடாது என்று விதிகளையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வருவார். பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் வீட்டு வழியாகப் போனால் உள்ளேயிருந்து வருகிற குறட்டை மாடிப்படி வரை கேட்கும். "தூக்கம் இல்லே, கண்ணை மூடிண்டு மூச்சுப் பயிற்சி" என்பது அவர் தரப்பு.

டிசம்பர் சீசன் வந்தால் வைத்தியம் சபாவுக்கு இடம் மாறும். ஏசி ஹாலில் குல்லாவோடு சால்வையும் சேரும். பாடகர் தனியாவர்த்தனத்தின்போது ஒரு மடக்கு வெந்நீர் குடித்தால், மாமா பக்கத்து இருக்கைக்காரரிடம், "அதிமதுரம் போட்டுக்கணும், வெறும் வெந்நீர் போறாது" என்று சன்னமாகச் சொல்வார். அதே அதிமதுரத்தை அளவு மீறி நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதைச் சொல்லமாட்டார். பக்கத்து இருக்கைக்காரருக்கோ ஏற்கனவே பிபி. இடைவேளையில் கேன்டீனில் பார்த்தால் மாமாவின் இலையில் மிளகாய் பஜ்ஜி இரண்டு, பக்கத்தில் பாதாம் அல்வா, கையில் டிகிரி காபி. நாம் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மிளகாய் கபத்தை அறுக்கும்" என்பார். அல்வா எதை அறுக்கும் என்று கேட்க நமக்கு நா எழாது.

இத்தனை பேசுகிற மாமாவின் சமையலறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். மேடையருகே நிற்பது மாமி. சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே இருக்கிற கொட்டை நஞ்சு என்பது பழைய வைத்தியக் கணக்கு. அதனால் சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார். பிறகு அதைச் சின்ன இரும்பு உரலில் போட்டு நைய இடிக்கிறார். மிளகும் திப்பிலியும் வாணலியில் வாசனை வருகிறவரை வறுபடுகின்றன. ஆடாதோடை இலையின் நடுநரம்பைக் கிள்ளி எறிகிறார். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டுகிறவரை அடுப்பைவிட்டு நகர முடியாது. வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டு, ஆவி போகாமல் தட்டால் மூடுகிறார். இடையில் மாமாவின் பங்களிப்பும் உண்டு. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் சுண்டணும்டி" என்பார். தோட்டத்துக் கற்பூரவல்லியும் மாமி நட்டது. முள்ளு குத்தக் குத்தத் தூதுவளை பறிக்கிற விரலும் மாமியுடையது. ஊரில் பெயர் மட்டும் கஷாய மாமா.

போன தை மாதம் மாமாவுக்கே சளி பிடித்துவிட்டது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறேன் பேர்வழி என்று, கொதிக்கிற தவலையை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் புகுந்தார். மாமி சத்தம் போடாமல் தவலையை எடுத்து அப்பால் வைத்தார். கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் ஆபத்து. பிறகு ஒரு கிண்ணம் கண்டந்திப்பிலி ரசம், குழைந்த சாதம், நெய் ஒரு சொட்டு. உள்ளங்காலில் கொஞ்சம் எண்ணெய். "பேசாம படுங்கோ" என்று ஒரு வார்த்தை. மாமா பேசாமல் படுத்தார். அவர் படுத்திருந்த அந்த மூன்று நாளும் எங்கள் ஃபிளாட்ஸில் ஒருவருக்கும் கபம் இல்லை. தும்மினவர்கள் தும்மிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மாமாவை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. சூடான ரசத்தில் ஒரு சுகம் இருக்கிறது. மார்கழி வெண்பொங்கலில் மிளகும் இஞ்சியும் நெய்யும் சும்மா சேரவில்லை. வெந்நீர் தொண்டைக்கு இதம். இருமலுக்குத் தேன் நல்லதுதான், ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஆகாது. பாட்டி வைத்தியம் காப்பாற்றுகிற இடம் ஒன்று, டாக்டர் காப்பாற்ற வேண்டிய இடம் வேறு. மூச்சு இரைத்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். போகிப் புகையில் நெஞ்சு இளைப்பவருக்கு எந்தச் சுக்கும் உதவாது. புகை போடாமல் இருப்பதே அதற்கு மருந்து.

ஆகவே, வாசலில் அழைப்பு மணி அடித்து மாமா டம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மடக்கு குடித்தால் குடி முழுகிவிடாது. பிபி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். மாமாவைக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் உள்ளே போய் மாமியிடம் கேளுங்கள். நன்றியையும் அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.