குறி பார்க்கப் போகிறவர்

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்றொரு மைதானம் உண்டு. 1907-இல் அங்கே இடம் மாறி வந்த தேசியத் துப்பாக்கிப் போட்டிகளுக்கு இன்றும் ஆண்டுதோறும் ஜனங்கள் வருகிறார்கள். ஆயிரம் கஜத்துக்கு அப்பால், அதாவது அரை மைலுக்கும் மேற்பட்ட தூரத்தில், நிறுத்தியிருக்கும் இலக்கைப் படுத்தபடியே சுட்டுவிட்டு, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுடுவதற்கான சகல ஆயத்தங்களையும் ஓயாது செய்துகொண்டும், ஆயத்தம் பூர்த்தியாகாத ஒரே காரணத்தால் மைதானத்தை எட்டிப் பாராமலும் காலங்கழிக்கிற கனவான் ஒருவர் அந்த நாட்டின் ஊர்தோறும் இருக்கிறார்; நமக்கு வேண்டியவர் அவரே.

துப்பாக்கியை அவர் ஒரே மாலைப்பொழுதில் வாங்கிவிட்டார். அதன்மேல் பொருத்தவேண்டிய தூரதிருஷ்டிக் கண்ணாடியைத்தான் மூன்று வருஷங்களாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனார்கூடப் பத்துப் பொருத்தத்தில் இரண்டொன்று குறைந்தால் கண்ணை மூடிக்கொள்வதுண்டு, இவர் மூடுவதில்லை. கண்ணாடிக்குள் தெரியும் அளவுக்கோடுகள் மில் என்ற கோணக் கணக்கிலும், வெளியே திருகும் குமிழ் எம்.ஓ.ஏ. என்ற வேறொரு கோணக் கணக்கிலும் இருந்தால், அந்த ஜாதகத்தை உடனே திருப்பியனுப்பிவிடுவார். (இது நியாயந்தான். மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு, மில்லை எம்.ஓ.ஏ. ஆக்குவதற்காக எதையும் 3.438-ஆல் பெருக்க யாராலும் ஆகாது.) இரண்டும் ஒரே கணக்கில் அமைந்தாலோ, பிம்பம் பெரிதாகும்போது கோடுகளும் கூடவே பருக்கவேண்டுமா, பிம்பம் மட்டும் பருத்துக் கோடுகள் இருந்தபடியே இருக்கவேண்டுமா என்ற விசாரம் எழுந்து, ஒரு பனிக்காலம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

பெரிதாக்கும் சக்தியிலும் அவருக்குத் திருப்தி சுலபத்தில் உண்டாவதில்லை. ஐம்பத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி அவருக்கு வேண்டும். கோடை வெயிலில் பூமியிலிருந்து எழும் கானல் அத்தனை மடங்கில் இலக்கையே குழம்பாகக் கொதிக்கவைத்துவிடுமாதலால், அனுபவஸ்தர்கள் வளையத்தைத் திருப்பி இருபதுக்கு இறக்கிவிட்டுத்தான் சுடுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னால், "இறக்குவதற்கு முதலில் ஏற்றம் இருக்கவேண்டாமா, ஐயா?" என்று கேட்பார். இதற்குத் தர்க்க சாஸ்திரத்தில் பதில் கிடையாது.

பிறகு உபகரணங்கள். .308 தோட்டா ஆயிரம் கஜம் போய்ச் சேர்வதற்குள் முப்பதடிக்குமேல் தாழ்ந்துவிடுமாகையால், கண்ணாடியின் முன்புறம் அணுவளவு தாழும்படி சரிவாகக் கடைந்த ரெயில் என்னும் அடிப்பட்டை ஒன்று. கண்ணாடியைப் பிடிக்கும் வளையங்கள். வளையத்தின் திருகாணியை எவ்வளவு விசையில் முறுக்கலாம் என்று அளந்து சொல்லும் திருப்புளி. துப்பாக்கி ஒருபுறமாகச் சாயாதிருக்கக் கொத்தனார் பாணியில் ஒரு ரசமட்டம். முன்னே தாங்க இரட்டைக்கால். பின்னே தாங்க ஒரு பை. அந்தப் பைக்குள் மணலை நிரப்புவதா, பிளாஸ்டிக் மணிகளை நிரப்புவதா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. தீர்மானமாகும்வரை அது வெறும் பையாகவே இருக்கிறது.

உள்ளங்கையில் அடங்குகிற காற்றளவி ஒன்றும் வாங்கியிருக்கிறார். அது அவருடைய வரவேற்பறையில் எப்போதும் பூஜ்யத்தையே காட்டுகிறது. மைதானத்துக்கே கொண்டுபோனாலும், அது சொல்வது அவர் மூக்கின் முன்னால் வீசும் காற்றைத்தான். தோட்டா பறக்கிற அரை மைலில் காற்று மூன்றிடத்தில் மூன்று விதமாக வீசக்கூடும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் சாதாரணக் காற்றே அந்தத் தோட்டாவை ஏழெட்டு அடி ஒதுக்கித் தள்ளிவிடும். பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலமோ 20 அங்குலம். கொடிகள் படபடப்பதையும் கானல் சாய்ந்து ஓடுவதையும் பார்த்துக் காற்றைப் படிக்கும் வித்தை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. இருந்தால் அவர் இரண்டாக வாங்கியிருப்பார்.

இந்தச் சாமான்கள் ஏதுமின்றிச் சுட்டவர்களும் உண்டு. 1874-இல், நியூயார்க்கையடுத்த கிரீட்மூர் மைதானத்தில், அமெரிக்கரும் ஐரிஷ்காரரும் 800, 900, 1000 கஜங்களில் போட்டியிட்டபோது, தூரதிருஷ்டிக் கண்ணாடி எவரிடத்திலும் இல்லை. சிறு துவாரத்தின் வழியே குறி பார்த்தார்கள். ஐரிஷ்காரர் ஒருவர் மிக நேர்த்தியாகச் சுட்டு, பக்கத்து இலக்கின் நடுவில் அடித்துப் பூஜ்யம் பெற்றார். கடைசிக் குண்டுக்கு முன்பு அமெரிக்கர் ஒரு மதிப்பெண் பின்தங்கியிருக்க, சுடவேண்டிய கர்னல் ஜான் பொடைன் என்பவரின் கையில் இஞ்சிச் சோடாப் புட்டி வெடித்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் ஒழுகும் கையோடு அவர் படுத்து, நடுவட்டத்தில் அடித்தார். 934-க்கு 931 என்று வெற்றி. இந்தச் சரித்திரத்தை நம் கனவானிடம் ஒருவர் உருக்கமாகச் சொன்னதன் பலன், மறுநாளே அவர் உயர்தரமான முதலுதவிப் பெட்டி ஒன்றைத் தருவித்ததுதான்.

அந்த நாட்டில் வசித்துக்கொண்டு, இந்த விளையாட்டில் ஆசையும், பணத்தில் சிக்கனமும் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இத்தகைய கனவான் என்றேனும் மனமலுத்துத் தம் சாமான்களை விற்க முன்வந்தால், யோசியாமல் வாங்கிக்கொள்ளுங்கள். குழலுக்குள் தேய்மானம் துளியும் இராது.